குட்டிக்கு முதல் அறுபது நாள்

செம்மறிக் குட்டி செத்தால் எங்கள் நயினார்கோவில் பக்கம் மூன்று காரணம் சொல்வார்கள்: பனி, புழு, கண்ணு. மூன்றையுமே நான் தள்ளிவிட மாட்டேன். கண்ணேறு என்பதில்கூட விஷயம் இருக்கிறது. மந்தையிலேயே கொழுகொழுவென்று திரிந்த குட்டிதான் ராத்திரியோடு ராத்திரியாகச் சாகிறது என்பதைக் கிழவிகள் கவனித்து வைத்திருக்கிறார்கள். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் இன்றும் மந்தை இருக்கிறது. மருந்தகத்துப் பக்கமும் பட்டிப் பக்கமும் பார்த்தவன் என்கிற உரிமையில் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்து 60 நாளுக்குள் குட்டியின் வயிறு எப்படி அமைகிறதோ அதைப் பொறுத்துத்தான் அது பிழைப்பதும் சந்தையில் எடை நிற்பதும். நம் திட்டங்கள் ஆட்டை எண்ணுகின்றன, கொட்டகையை அளக்கின்றன. அந்த 60 நாளைக் கேட்பாரில்லை.

பரமக்குடியிலிருந்து நயினார்கோவிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நாகநாத சுவாமியைப் பார்க்க வருகிறவர்கள். வழி நெடுக அவர்கள் காண்பது கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம். மழை பெய்தால் நெல், மேட்டில் மிளகாயும் பருத்தியும். தையில் அறுப்பு முடிந்ததும் தாளில் ஆடு இறங்கும். பங்குனி பிறந்தால் வயல் வெடித்துவிடும், கண்மாய் உள்வாயில் மிஞ்சிய பச்சையும் காய்ந்துவிடும். அதனால்தான் எங்கள் ஆட்கள் காலங்காலமாகக் கிடையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போனார்கள். அண்ணன் இப்போதும் போகிறார். மந்தையில் பாதி ராமநாதபுரம் வெள்ளை, மீதி கீழக்கரிசல். இரண்டும் இந்த வெயிலுக்கும் பட்டினிக்கும் பழகிய இனம். புதிதாக ஈன்ற தாயாடுகளையும் குட்டிகளையும் மட்டும் மதினி ஊரிலேயே நிறுத்திக்கொள்வார்.

ஆட்டுக்கு நாலு வயிறு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பிறந்த குட்டிக்கு அதில் வேலை செய்வது ஒன்றுதான், நாலாவது. குட்டி மடியை முட்டிச் சப்பும்போது உணவுக்குழாய் முடிகிற இடத்தில் ஒரு மடிப்பு சுருண்டு மூடிக்கொள்ளும். பால் முதல் வயிறான பெருவயிற்றில் விழாமல் நேரே நாலாவது வயிற்றில் போய் இறங்கும். வளர்ந்த ஆட்டின் வயிற்றில் பெரும்பங்கை அடைத்துக்கொள்ளும் அந்தப் பெருவயிறு, பிறந்த அன்று சுருங்கிக் கிடக்கும் ஒரு சிறு தோல்பை. உள்சுவரிலும் ஒன்றும் இருக்காது. அறுத்த ஆட்டின் குடலைக் கழுவியவர்களுக்குத் தெரியும், பெருவயிற்றின் உள்ளே துண்டுத் துணியின் இழைபோலச் சொரசொரவென்று காம்புகள் நிற்கும். பால்குட்டியின் வயிற்றில் அவை எழும்பியிருக்காது.

அந்தப் பைக்குள் குடியேற்றம் மட்டும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. தாயின் பிறப்புவழி, மடிக்காம்பின் தோல், நக்கிக் கொடுக்கும் நாக்கு, பட்டியில் கிடக்கும் புழுக்கை என்று எல்லாவற்றிலிருந்தும் நுண்ணுயிரிகள் ஏறிக்கொள்கின்றன. பிரான்ஸில் ஃபோன்ட்டியும் அவருடைய சகாக்களும் செம்மறிக் குட்டிகளை வைத்தே இதை நாள் கணக்காகப் பார்த்து 1987-இல் வெளியிட்டார்கள். நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களும் மீத்தேன் உண்டாக்குபவையும் பிறந்த சில நாளிலேயே வந்துவிடுகின்றன. பூஞ்சைகள் எட்டு, பத்து நாளில். புரோட்டோசோவா என்கிற ஓரணு உயிர்கள் இரண்டு, மூன்று வாரத்தில். இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் முதலாவதுதான். புல்லின் ஒரு இதழைக்கூடக் கடிக்காத குட்டியின் வயிற்றில் புல்லைச் செரிப்பவை முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஆடு புல்லைத் தின்கிறது என்று சொல்கிறோம். நாரை உடைக்கும் சக்தி ஆட்டின் உடம்பில் இல்லை, எந்தப் பாலூட்டிக்கும் இல்லை. பெருவயிற்றுச் சாற்றில் ஒரு மில்லிக்கு ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கும். அவை நாரைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்ற அமிலங்களாக மாற்றுகின்றன. ஆட்டுக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் அந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. பிறகு அந்தப் பாக்டீரியாக்களே சாற்றோடு நாலாவது வயிற்றுக்கு வழிந்து, செத்து, புரதமாகிவிடுகின்றன. அதாவது கறிக்கடையில் நாம் வாங்கும் தொடைக்கறியில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமியாக இருந்தது. சைவக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

பூஞ்சை கதை சுவாரசியமானது. 1975 வரைக்கும் பெருவயிற்றில் பூஞ்சை உண்டு என்பதை யாரும் நம்பவில்லை. காற்றில்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்பது பாடம். இங்கிலாந்தில் காலின் ஆர்பின், செம்மறியாட்டுப் பெருவயிற்றில் நீந்தும் சில உயிர்கள் புரோட்டோசோவா அல்ல, பூஞ்சையின் வித்துகள் என்று காட்டினார். வைக்கோல், தாள் மாதிரி முரட்டு நாரைத் துளைத்துப் பிளப்பது இவைதான். நெல் தாளை நம்பி இருக்கிற எங்கள் ஊர் ஆட்டுக்கு இவை எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மதினி இதையெல்லாம் படித்தவர் இல்லை. காலையில் தாயாடுகள் மேயப் போனதும் குட்டிகளைக் கொடாப்பில் அடைப்பார். அடைக்கும்போதே பூவரசு, வேம்பு, அகத்தி என்று கையில் கிடைத்த குழையைக் குட்டியின் மூக்குக்கு நேராகத் தொங்கவிடுவார். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டிக்கு எதற்கு மதினி குழை, பல்லே சரியாக இல்லையே என்று ஒருமுறை கேட்டேன்.

"திங்கிறதுக்கா கட்டுறேன் கொழுந்தனாரே? சப்பும், இழுக்கும், ரெண்டு எலையக் கடிச்சுத் துப்பும். சப்பிப் பழகுன குட்டிதான் சீக்கிரம் அசபோடும். அசபோட்டாத்தானே குட்டி நமக்கு."

அந்தச் சப்பலில் என்ன நடக்கிறது என்பது இப்போது தெரிந்த விஷயம். இலைத்துணுக்கும் கொஞ்சம் தவிடும் உள்ளே போனால்தான் வந்து உட்கார்ந்த கிருமிகளுக்கு வேலை. அவை புளிக்கவைத்துத் தரும் அமிலங்களில், குறிப்பாகப் பியூட்டிரிக் அமிலம் பட்டுத்தான், பெருவயிற்றுச் சுவரில் அந்தக் காம்புகள் எழும்புகின்றன. காம்பு எழும்பினால்தான் சத்தை உறிஞ்ச முடியும். வெறும் பாலிலேயே வளர்த்த குட்டியின் பெருவயிறு மாதங்கள் ஆனாலும் வழவழவென்றே கிடக்கும். பிறகு தாயிடமிருந்து பிரித்துப் புல்லில் விட்டால், தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது. வயிறு மட்டும் பானையாகி முதுகெலும்பு தெரிகிற குட்டியைப் பார்த்ததும் எல்லாரும் புழு என்கிறார்கள். பாதி நேரம் புழுதான். மீதிப் பாதியில், நாம் பிறந்த நாளிலிருந்து கட்டாமல் விட்ட வயிறு.

மதினியின் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. சாயங்காலம் மந்தை திரும்பியதும் குட்டிகளைத் திறந்துவிட்டுவிடுவார், விடியும்வரை தாயோடுதான். அசைபோடும் தாயின் வாயைக் குட்டி முகர்ந்து நக்கும். புரோட்டோசோவா பெரும்பாலும் இப்படி எச்சில் வழியாகத்தான் ஒட்டுகிறது. பாக்டீரியா காற்றிலும் தூசியிலும்கூட வந்துவிடும், இது வராது. பிறந்ததும் பெரிய ஆடுகளிடமிருந்து பிரித்துத் தனியாக வளர்த்த குட்டிகளின் வயிற்றில் புரோட்டோசோவா இல்லாமலே போய்விடுவதை ஆராய்ச்சியாளர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அது இல்லாமலும் ஆடு வாழும், செத்துப்போகாது. நார் செரிப்பதில் குறை வரும், மாவுச்சத்து திடீரென்று ஏறும்போது தாங்கும் சக்தியும் குறையும்.

இங்கேதான் எனக்கு இன்றைய நிலவரத்தோடு சண்டை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியது. ஏழு லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலைக்கு நாலு ஆடு என்பது இலக்கு. நல்ல நோக்கம், அதில் சந்தேகம் இல்லை. அதில் எழுந்து நின்ற குடும்பங்களை இந்த வட்டாரத்திலேயே காட்ட முடியும். 2021-க்குப் பிறகு மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் 500 பெட்டை, 25 கிடாய் என்ற அளவுவரை பண்ணை வைக்கப் பாதித் தொகை மானியம், அதிகபட்சம் 50 லட்சம். இப்படிப்பட்ட திட்டங்கள் ஆட்டைத் தருகின்றன, கூரையைத் தருகின்றன. பண்ணை என்றதும் படித்த இளைஞர்கள் பரண் போடுகிறார்கள். பலகையின் இடுக்கு வழியாகப் புழுக்கை கீழே விழுந்துவிடும், புழுத் தொல்லை குறையும், சுத்தம். ஆனால் சீக்கிரம் எடை வர வேண்டும் என்று குட்டியை ஒரு மாதத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் குச்சித் தீவனத்திலும் மக்காச்சோளத்திலும் நிறுத்துகிறார்கள். இருபது வருடம் சாப்பாட்டுக்கு அலைந்தவன் கல்யாண வீட்டில் உட்கார்ந்த கதையாகிவிடுகிறது.

மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்குக் குச்சித் தீவனம்கூட வேண்டாம். எங்கள் ஊரில் காதுகுத்தோ கல்யாணமோ முடிந்த மறுநாள் மருந்தகத்து வாசலில் பார்த்தால் போதும். மிஞ்சிய சோறு வீணாகிறதே என்று ஆட்டுக்குக் கொட்டியிருப்பார்கள். பெருவயிற்றில் மாவைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கும் ஒரு வகை பாக்டீரியா மணிக்கணக்கில் பெருகிவிடும். அமிலம் ஏறியதும் நாரைச் செரிப்பவையும் புரோட்டோசோவாவும் சாகும். ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், வயிற்றைக் கையால் அழுத்தினால் தண்ணீர் தளும்புகிற மாதிரி இருக்கும், புளித்த வாடை அடிக்கும். சமையல் சோடா கரைத்து ஊற்றித் தப்பவைத்தவையும் உண்டு, தப்பாதவையும் உண்டு. தப்பியதும் வேலை முடியாது. வயிற்றுக்குள் ஆளில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் நல்ல ஆட்டின் பெருவயிற்றுச் சாற்றைக் கசாப்புக்கடையிலிருந்து சூடாறாமல் கொண்டுவரச் சொல்லி வடிகட்டி ஊற்றுவார்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும். அதைவிட நல்ல மருந்து அந்த நேரத்தில் இல்லை.

கண்ணேறு என்று சொன்னேனே, அது துள்ளுமாரி. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் டி வகை. ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் கொஞ்சமாக இருந்துகொண்டேயிருக்கும், தொந்தரவு செய்யாது. ஐப்பசியில் முதல் மழை பெய்து இளம்புல் தளதளவென்று கிளம்பும். அதுவரை காய்ந்த சருகைத் தின்றிருந்த குட்டி அதில் விழுந்து மேயும். அல்லது பால் ஏராளமாக உள்ள தாயின் ஒற்றைக் குட்டியாக இருக்கும். பெருவயிற்றில் செரித்து முடியாத மாவும் சர்க்கரையும் சிறுகுடலுக்கு வழிந்துவிடும். அங்கே காத்திருக்கும் கிருமிக்கு அதுதான் விருந்து. பெருகி விஷத்தைக் கக்கும், விஷம் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். குட்டி ரெண்டு துள்ளு துள்ளி விழுந்து காலை உதைத்துக்கொண்டு செத்துவிடும். சாயங்காலம் நன்றாக இருந்தது, காலையில் இல்லை. மெலிந்த குட்டிக்கு வராது, அதன் வயிற்றில் வழிவதற்கு ஒன்றுமே இல்லை. மந்தையின் அழகுக் குட்டியைத்தான் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் கண்ணு என்கிறார்கள்.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மருந்தகத்தில் போடுகிறார்கள். பிரச்சினை நாளில்தான். மழைக்கு முன்னால் போட்டு, முதல் தடவை போடுகிற குட்டிக்கு மறு ஊசியும் போட்டால்தான் காக்கும். முகாம் தேதி மழையைப் பார்த்து வைக்கப்படுவதில்லை, மருந்து வந்து சேர்கிற தேதியைப் பார்த்து வைக்கப்படுகிறது. புல் முளைத்த பிறகு ஊசி போட்டு என்ன பயன்? ஊசி போட்டும் செத்தது என்று ஒருவர் சொன்னால் பாண்டியூரிலிருந்து அக்கிரமேசிவரை அடுத்த வருடம் ஒருவரும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வர மாட்டார்கள்.

முகாமுக்கு வராதவர்கள் மருந்துக்கடைக்குப் போகிறார்கள். குட்டி கழிந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் மாத்திரை, அதுவும் மனிதனுக்குள்ளதில் பாதி, தண்ணீரில் கரைத்து வாயில். ரத்தக் கழிச்சலோ வேறு தொற்றோ என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால் அது வேறு. தானாக ஊற்றுகிற மாத்திரை நல்லது கெட்டது பார்க்காது. மூன்று வாரம் சிறுகச் சிறுகச் சேர்ந்த கூட்டத்தை மூன்று நாளில் கலைத்துவிடும். தீவனத்தில் கலந்து கொடுத்து வந்த கொலிஸ்டின் என்ற மருந்தை இந்திய அரசு 2019-இல் உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குத் தடை செய்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது என்பதால். அந்தத் தடை நியாயமானது. அதே ஜாக்கிரதை ஆட்டுக்காரன் கையில் இருக்கும் சாதாரண மாத்திரைக்கும் வேண்டும்.

இன்னொரு பக்கம் புரோபயாட்டிக் பொடி. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கலந்த பொட்டலம், மேலே பளபளக்கும் கிடாய்ப் படம். ஈஸ்ட்டினால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். தானியம் அதிகம் தின்னும் ஆடுகளில் பெருவயிறு புளிப்பதை அது ஓரளவு மட்டுப்படுத்துகிறது. ஆனால் பட்டினியில் கிடக்கும் தாயின் குட்டிக்கு அதை வாங்கிக் கொடுப்பது, விதையை வாங்கி வெடித்த கரம்பில் தூவுகிற கதை. அந்தக் காசுக்குத் தாய்க்கு ஒரு கிலோ புண்ணாக்கு வாங்கலாம்.

உண்மையிலேயே ஒரு கிருமியைக் கொண்டுவந்து விட்டு நிலைமையை மாற்றிய கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சவுண்டல் என்கிற சூபாபுல் மரத்தின் இலையில் புரதம் அதிகம், மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. அதிகம் தின்ற செம்மறிக்கு ரோமம் கொத்துக்கொத்தாக உதிரும். அந்த நஞ்சு வயிற்றில் பாதி உடைந்து உண்டாகும் பொருள் தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் அவதிப்பட்டன, ஹவாய்த் தீவு ஆடுகளோ அதே இலையைத் தின்றுவிட்டுச் சும்மா திரிந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, வித்தியாசம் ஆட்டில் இல்லை, அதன் வயிற்றில் இருக்கும் ஏதோ ஒரு கிருமியில்தான் என்று 1981-இல் எழுதினார். ஹவாய் ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாவை ஆஸ்திரேலியக் கால்நடைக்கு ஏற்றினார்கள், நஞ்சு முறிந்தது. 1986-இல் அது வெளிவந்தது. 1992-இல் அந்தப் பாக்டீரியாவுக்கு சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சி என்று அவர் பெயரையே வைத்தார்கள். கவனிக்க வேண்டியது: அங்கே தீவனம் ஏராளமாக இருந்தது, அதை உடைக்க ஆள் இல்லை. இங்கே ஆள் இருக்கிறது, தீவனம் இல்லை. 2015-இல் 35 நாடுகளின் அசைபோடும் விலங்குகளிலிருந்து 742 மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், எங்கும் ஏறத்தாழ ஒரே முக்கியக் கூட்டம்தான் இருந்தது. வித்தியாசத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் தீனிதான். நயினார்கோவில் ஆட்டுக்கு வெளிநாட்டுக் கிருமி வேண்டியதில்லை.

அப்படியானால் தீனி எங்கே? கோடையில் எங்கள் ஆட்டைக் காப்பாற்றுவது சீமைக்கருவேல நெற்று. பழுத்த நெற்று இனிக்கும், புரதமும் உண்டு, ஆடு தேடித் தின்னும். கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கி மற்ற தீனியோடு சேர்த்தால் நல்லது. அதையே மூன்று வேளையும் தின்றால் சர்க்கரைதான், சோற்றுக் கதைதான். தவிர, விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து அடுத்த கண்மாயிலும் முளைத்துவிடுகிறது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டபோது எங்கள் ஊர் மேய்ப்பவர்கள் யாரும் எதிர்க்கவில்லை. பொக்லைன் வந்தது, மரம் போனது, இரண்டு மழையில் அதே மரம் வேரடியிலிருந்து திரும்ப வந்தது. வெட்டிய இடத்தில் அடுத்து என்ன நிற்க வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கொழுக்கட்டைப்புல் நிற்கட்டும் என்பது என் கட்சி. இந்த மண்ணுக்கும் மானாவாரிக்கும் பழகிய புல். இடையிடையே முயல்மசாலைத் தூவினால் புரதம் வந்துவிடும். கண்மாய் உள்வாய் ஓரத்திலும் புறம்போக்கிலும் ஊருக்கு இரண்டு ஏக்கர் இப்படிப் போட்டு, மார்கழி தொடங்கி மூன்று மாதம் குட்டியும் ஈன்ற தாயும் மட்டும் மேயலாம் என்று ஊர்க்கட்டுப்பாடு வைத்தால், அரசாங்கத்துக்குச் செலவு விதை, வேலி, ஒரு காவலாள். ஒரு பண்ணைக்குக் கொடுக்கும் மானியத்தில் பல ஊர்களுக்குப் போடலாம். மருந்தகம் செய்ய வேண்டியது மூன்று: துள்ளுமாரி ஊசியைப் புரட்டாசியிலேயே முடிப்பது, பத்தாம் நாளிலிருந்து குட்டிக்குத் தவிடும் புண்ணாக்கும் தாது உப்பும் கலந்த தீவனத்தைக் கிலோக் கணக்கில் சில்லறையாகக் கொடுப்பது, இலவச ஆடு பெறும் குடும்பத்துக்கு ஆட்டோடு சேர்த்து இரண்டு வாரத்துக்குப் பழைய ஊரின் தீனியையும் கொடுத்தனுப்புவது. தீனி மாறும்போது உள்ளே இருக்கும் கூட்டம் பழகுவதற்கு அவ்வளவு நாளாவது வேண்டும்.

மதினியிடம் இதைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு ஏக்கர் புல்ல யாரு கொழுந்தனாரே காப்பா? ஆடு மேயுறதுக்கு முன்னாடி ஊர்மாடு மேஞ்சிரும்" என்றார். காவலாள் சம்பளத்தை மாதச் சம்பளமாக ஊராட்சி தரவேண்டும், அந்தக் காவலாள் மேய்க்கிற வீட்டு ஆளாக இருக்கவேண்டும் என்று அதனால்தான் சேர்த்துக்கொள்கிறேன். அடுத்த கிராமசபையில் மனுவாகக் கொடுக்கப்போகிறோம். கையெழுத்து வாங்கும் வேலையை மதினி எடுத்துக்கொண்டிருக்கிறார்.